பெல்பாட்டத்தின் மீசையும் டிஸ்கோ கேசட்டும்

பெல்பாட்டம் என்பது அந்தத் தையல்காரரின் பட்டப்பெயர். பேண்ட்டின் அடிப்பக்கம் அகன்று தெருவைப் பெருக்கிக்கொண்டு போன காலத்தில் வைத்தது. பேண்ட் குறுகிவிட்டது, பெயர் குறுகவில்லை. மனுஷருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, மூக்குக்குக் கீழே கம்பீரமாகப் படுத்திருக்கும் மீசை. இன்னொன்று, எண்பதுகளில் தானும் தன் மனைவியும் டிஸ்கோ ஆடினால் ஒரு தாளம்கூடப் பிசகாது என்பது. அளவு கொடுக்க வந்தவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போதே பிடித்து வைத்து இதைச் சொல்லுவார். பாவம், அவன் எங்கே ஓடுவான்?

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவன் அவருடைய மைத்துனன், பக்கத்துத் தெருவில் சலூன் வைத்திருப்பவன். “அத்தான், வாயாலேயே எத்தனை வருஷம் ஆடுவீங்க? காலால ஒரு தடவை ஆடுங்களேன்” என்று கிண்டினான்.

சும்மா இருந்தாரா? “தையல்காரர் சங்க விழாவுல ஆடறோம்டா. ஒரு தாளம் தப்பினா உன் கடை நாற்காலியில வந்து உட்கார்றேன். மீசையை நீயே எடுத்துக்க!”

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அவர்கள் டிஸ்கோ கற்றது நடனக் கூடத்தில் இல்லை, சட்டை தைக்கும் கம்பெனியில். அவர் கட்டிங் மேசையில், அவள் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் இடத்தில். அதுவரை அங்கே ரேடியோதான். அது பாடிய சோகப் பாட்டுகளில் ஊசியே தூங்கி வழிந்தது. அப்புறம்தான் டேப்ரிக்கார்டர் மலிவாகி கடைக்குக் கடை வந்தது, கூடவே டிஸ்கோவும். டிரம்ஸ்காரன் உட்கார்ந்த இடத்தில் ஒரு மின்சாரப் பெட்டி உட்கார்ந்து டும் டும் டும் டும் என்று ஒரே சீராக அடித்தது. அதற்குக் கை வலிக்காது, டீ வேண்டாம், சம்பளமும் வேண்டாம். இப்படி ஒரு வேலையாளைப் பார்த்தால் எந்த முதலாளிக்குத்தான் ஆசை வராது? இவர்களுடைய முதலாளியும் ஒரு டிஸ்கோ கேசட் வாங்கி வந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, பலன் கிடைத்தது. கொஞ்ச நாளிலேயே எல்லாக் கால்களும் பெடலில் பறந்தன, சட்டை மலையாகக் குவிந்தது. மற்ற முதலாளிகளும் அதே கேசட்டை வாங்கிப் போட்டார்கள். அங்கே ஒரு பொத்தான்கூட அதிகமாகத் தைக்கப்படவில்லை. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

கேசட்டில் பாடியது கீச்சுக் குரல் பெண். அட்டையிலோ புதர் மாதிரி முடியும் பெரிய மீசையுமாக ஓர் ஆள். “பொண்டாட்டி பாடிச் சம்பாதிக்கிறா, இவன் போஸ் குடுக்கிறான் பாரு” என்று கம்பெனியே அவனைத் திட்டியது. டீ நேரத்தில் அந்தப் பாட்டுக்குத்தான் பெல்பாட்டமும் காஜாக்காரியும் ஆடிப் பழகினார்கள், பிறகு கல்யாணமும் செய்துகொண்டார்கள். ஒருநாள் டேப்ரிக்கார்டர் கேசட் நாடாவைத் தின்றுவிட்டது. டிஸ்கோவின் மவுசும் போயிற்று. அந்தப் பாட்டை அப்புறம் அவர்கள் கேட்கவேயில்லை.

சங்க விழா வந்தது. வீட்டில் ஒன்று, இரண்டு என்று வாயால் எண்ணி ஒத்திகை பார்த்திருந்த இருவரும் மேடை ஏறினார்கள். முன்வரிசையில் மைத்துனன் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான்.

ஒலிபெருக்கிக்காரர் செல்போனில் தேடி எடுத்த பாட்டு தொடங்கியது. டும்... டும்... டும்... மாட்டு வண்டி போல அசைந்து வந்தது. நாலாவது டும் வருவதற்குள் பெல்பாட்டம் இரண்டு சுற்றுச் சுற்றி, விரலை வானத்துக்கு நீட்டி, அடுத்த தாளத்துக்காக அப்படியே காத்து நின்றார். அப்போது கனத்த ஆண் குரல் பாடியது.

“நிறுத்துங்கப்பா! இது யாரு நடுவுல? அந்தப் பொண்ணு எங்க?” என்று கத்தினார்.

“பொண்ணா? ஒரிஜினலே இதுதாங்க. பாடினது இவர்தான்” என்றார் ஒலிபெருக்கிக்காரர், செல்போனில் அட்டைப் படத்தைக் காட்டியபடி. அதே புதர் முடி, அதே மீசை. அரங்கம் கொல்லென்று சிரித்தது. பெல்பாட்டத்துக்கு அவமானத்தில் முகம் வெளுத்துவிட்டது.

“நம்ம டேப்ரிக்கார்டர்ல பொண்ணு மாதிரிதானே கேட்டுச்சு?” என்று மனைவியிடம் முணுமுணுத்தார்.

அவள் தரையைப் பார்த்தாள். “அது வேகமா ஓடுச்சுங்க. மூடியைக் கழட்டி, உள்ள மோட்டார் சக்கரத்துல நான்தான் பிளாஸ்திரி சுத்தி வச்சேன்.”

“பிளாஸ்திரியா?”

“ஊசி குத்தினா விரல்ல ஒட்டுவோமே, அதான். சக்கரம் பெருத்தா வேகம் கூடும்னு தையல் மெஷின் பார்த்தவளுக்குத் தெரியாதா?”

“எதுக்குடி?”

“கேசட்டைத் திருப்பிப் போட முதலாளி உங்களைத்தானே விடுவாரு? டேப்ரிக்கார்டர் என் பக்கத்துலதானே இருந்துச்சு? பாட்டு சீக்கிரம் முடிஞ்சா நீங்க சீக்கிரம் வருவீங்க.”

பெல்பாட்டம் மேடையிலேயே வாயைப் பிளந்து நின்றார். “இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?”

“சொன்னா ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பீங்களே!”

அவர் சந்தோஷத்தில் மீசையை முறுக்கிக்கொண்டார். ஒலிபெருக்கிக்காரரிடம் திரும்பி, “தம்பி, இதைக் கொஞ்சம் வேகமா ஓட்ட முடியுமா?” என்றார். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார் அவர். கனத்த குரல் கீச்சுக் குரலாயிற்று. இருவரும் ஆடிய ஆட்டத்தில் ஒரு தாளம் பிசகவில்லை.

ஆனாலும் முதலில் தாளம் தப்பியது தப்பியதுதான், பந்தயம் பந்தயம்தான். மறுநாள் காலையில் தாமாகவே சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மைத்துனன் நுரை தடவிக் கத்தியை வைத்ததும் ஆரம்பித்தார்:

“உனக்கு ஒண்ணு தெரியுமாடா? என் மேல இருந்த ஆசையில டிஸ்கோவையே ஓட ஓட விரட்டினவடா உன் அக்கா!”

“வாயை மூடுங்க அத்தான், வெட்டிடும்!”

“வெட்டினா பிளாஸ்திரி போட உங்க அக்கா இருக்காடா” என்றார் பெல்பாட்டம்.