காது வரை வெந்நீர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டியவள் யோன்சிம். பூசான் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தீவில், தெருமுனைப் பொதுக் குளியல்கூடத்தில், வெந்நீர்த் தொட்டிக்குள் கழுத்துவரை உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"நீங்க எழுதுறவங்கதானே? என் கதையை எழுதுங்க. உங்க பாஷையிலயே எழுதுங்க. இங்க ஒருத்தராலயும் படிக்க முடியாதுல்ல?"

"முடியாது."

"அப்ப சரி. ஆனா ஒண்ணு. அன்னைக்கு எனக்குக் காது கேக்கலைன்னு எழுதணும்."

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்குக் காது கேட்டது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். இரண்டு பேரும் இதே தொட்டியில்தான் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

(முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேனே என்று ஒரு கணம்... போகட்டும். ஒளித்து வைத்து விளையாட இதில் ஒன்றுமில்லை.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'யோன்சிம் தனிமையை விரும்பும் பெண்.' அடித்துவிட்டேன். தனிமையை விரும்புகிறவர்கள் மலை ஏறுவார்கள், நிலாவைப் பார்ப்பார்கள். இவள் விரும்பியதெல்லாம் வாரத்தில் ஒரு மதியம் யாரும் தன்னைக் கூப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதுதான்.

இரண்டாவது தொடக்கம்: 'பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட உத்தமி...' இதைப் படித்துக் காட்டினால் தொட்டித் தண்ணீரை வாரி என் முகத்தில் இறைப்பாள். அவள் முகம் சுளித்திருக்கிறாள். கத்தியிருக்கிறாள். கஞ்சிக் கிண்ணத்தை ஒருமுறை சுவரில் எறிந்திருக்கிறாள். பிறகு சுவரைத் துடைத்துவிட்டு வேறு கஞ்சி காய்ச்சியிருக்கிறாள்.

மூன்றாவது தொடக்கம் ஒருவழியாகத் தேறும் என்று நினைக்கிறேன்:

வியாழக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் யோன்சிமின் நாத்தனார் கும்ரே வந்து, படுக்கையில் கிடக்கும் தன் தம்பி மான்சுவின் கட்டிலருகே உட்காருவாள். யோன்சிம் தன் பிளாஸ்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்வாள். கூடையில் சோப்பு, சீப்பு, தேய்த்துக் குளிக்கிற பச்சை நிற முரட்டுத் துணி. குளியல்கூடத்து அலமாரியில் உடையோடு கைப்பேசியையும் வைத்துப் பூட்டிச் சாவியை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், உலகத்துக்கும் அவளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

முதலில் வெந்நீர்த் தொட்டி. விரல் நுனி சுருங்கும்வரை. பிறகு அழுக்கு உருண்டு உருண்டு வர உடம்பைத் தேய்ப்பாள். முதுகுக்கு மட்டும் சுவரில் பதித்த இயந்திரம்: பொத்தானை அமுக்கினால் வட்டமான தேய்ப்பான் சுழலும், அதில் முதுகைக் கொடுத்து மாடு போல அசைந்து நிற்பாள். எங்கள் ஊர்க் குளியல்கூடங்களின் பெருமை இந்த இயந்திரம். மற்ற ஊர்களில் முதுகு தேய்க்கப் பக்கத்தில் இருப்பவரிடம் வாய் திறந்து கேட்க வேண்டும். "இவன்கிட்ட நான் நன்றி சொல்ல வேண்டியதில்ல, இவனுக்கு நான் திருப்பித் தேய்ச்சுவிட வேண்டியதில்ல. கட்டினா இவனைக் கட்டியிருக்கணும்" என்பாள். தொட்டியில் இருக்கிற அத்தனை பெண்களும் சிரிப்பார்கள்.

பிறகு பச்சைத் தண்ணீர். மறுபடி வெந்நீர். கடைசியில் உடை மாற்றும் அறையின் பலகையில் துண்டோடு உட்கார்ந்து, குப்பியில் வாழைப்பழப் பால். அதை உறிஞ்சிக்கொண்டே கால் நகம் வெட்டுவாள், சத்தம் வைக்காத டிவியைப் பார்ப்பாள், சில சமயம் ஒன்றையும் பார்க்க மாட்டாள். அந்த நேரத்து அவள் முகத்தை விவரிக்க நான் பலமுறை முயன்று... வேண்டாம். சந்தோஷமாக இருந்தாள்.

3

கும்ரேயைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. என் கைக்கு அவள்மேல் ஒரு காய்ச்சல். அவளைக் கெட்டவளாக்கினால் கதை வழுக்கிக்கொண்டு ஓடும். குளியல்கூடத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவள் அவள்தான். யோன்சிமின் கைப்பேசி அலமாரிக்குள் இருப்பதால் கல்லாவுக்கே பேசிவிடுவாள். கல்லாவில் உட்காரும் போக்சூன் எழுந்து வந்து கண்ணாடிக் கதவைத் தள்ளி, ஆவிக்குள் கத்துவாள்.

"யோன்சிம் அக்கா! வீட்லருந்து போன்!"

"இன்னைக்கு என்ன காணாமப் போச்சாம்?" என்று தொட்டியில் ஒருத்தி.

"போன வாரம் உப்பு. அதுக்கு முந்தி டிவி ரிமோட்டு. இன்னைக்கு வீட்டையே காணோமோ என்னவோ!"

யோன்சிம் துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரம் சொட்டச் சொட்டப் போவாள். "அண்ணி, கம்பளி பீரோல மேல் தட்டுல இருக்கு." வைத்துவிட்டு வருவாள். திரும்பி வந்து உட்கார்ந்தாலும் பழைய சூடு ஏறாது.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். கும்ரே சந்தையில் நெத்திலிக் கருவாடு விற்கிறவள். வியாழக்கிழமை மதியம், வியாபாரம் சூடு பிடிக்கும் வேளையில், கடையில் துணியைப் போட்டு மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் செய்தாள். நோயாளித் தம்பியோடு தனியே இருக்க அவளுக்குப் பயம். அந்தப் பயத்தைத்தான் உப்பு, ரிமோட், கம்பளி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இது அப்போது யாருக்கும் புரியவில்லை. எனக்கும் எழுத உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

4

அந்த வியாழக்கிழமை.

(இந்தப் பகுதியைத் தள்ளிப் போட நான் செய்தவை: பென்சில் சீவினேன், சோறு வடித்தேன், அடுத்த வீட்டுப் பூனையோடு பேசினேன்.)

குளிர் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய இரவு மான்சு தூங்கவிடவில்லை. யோன்சிம் தொட்டிக்குள் இறங்கியபோது முனகினாள். கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணாடிக் கதவு திறந்தது. குளிர்காற்று உள்ளே வந்தது.

"யோன்சிம் அக்கா! போன்!"

அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு, மெதுவாக, தாடை, வாய், காது என்று தண்ணீருக்குள் இறங்கினாள். மூக்கும் கண்ணும்தான் மேலே. தண்ணீர் அசையாமல் இருந்தது.

போக்சூன் இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டு ஆவிக்குள் ஆள் தெரியாமல் திரும்பிவிட்டாள். அவ்வளவுதான். யோன்சிம் தலையைத் தூக்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, திருட்டு மாங்காய் தின்ற பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எப்போதும் போல உப்புதான் காணாமல் போயிருக்கும் என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

மான்சுவுக்குச் சளி அடைத்திருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகில் எந்த இடத்தில் தட்டினால் இளகும் என்பது யோன்சிமுக்குத்தான் தெரியும். அதைக் கேட்கத்தான் கும்ரே பேசினாள். கல்லாவில் நடந்ததைப் போக்சூன் பிறகு சொன்னாள்.

"அக்காவுக்குக் கேக்கலம்மா. உள்ள போய்த் தட்டிக் கூப்பிடட்டுமா?"

மறுமுனையில் இருமல் சத்தம். கும்ரே கொஞ்சம் யோசித்தாளாம்.

"வேணாம், விடு. பாவம், நிம்மதியாக் குளிக்கட்டும். நானே பாத்துக்கறேன்."

அத்தனை வருடங்களில் கும்ரே ஒரே ஒரு நாள்தான் யோன்சிமைக் குளிக்க விட்டாள். ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது மான்சு இல்லை.

5

யோன்சிம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. மருத்துவரும் தெரியாது என்றுதான் சொன்னார். கதையில் மருத்துவரை 'எதுவும் செய்திருக்க முடியாதும்மா' என்று சொல்ல வைக்கலாம். ஒரு வரிதான், எழுதுவதற்குச் செலவில்லை. எழுதியும் பார்த்தேன். அந்த வரி மட்டும் தாளில் நிற்காமல் நழுவியது.

சாவு வீட்டில் கும்ரே நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான்தான் விடுன்னு சொன்னேன்! என் வாயால நான்தான் விடுன்னு சொன்னேன்!" யோன்சிம் அழவில்லை. வந்தவர்களுக்குச் சூப்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு விசித்திரமான தண்டனை தொடங்கியது. இப்போது எல்லாப் பொழுதும் அவளுடையது. காலையில் யாரும் கூப்பிடுவதில்லை. ஒற்றை விரலைக் காட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்து தனியாக நூடுல்ஸ் சாப்பிட்டாள். காசு போட்டால் பாடலாம் என்கிற ஓராள் அறைக்குப் போனாள். மூன்று பாட்டுக்கு இசை ஓடி முடிந்தது, அவள் வாயே திறக்கவில்லை.

"முன்னாடி வாரத்துல கொஞ்ச நேரம் என்னோடது. இப்ப எல்லா நேரமும் என்னோடதுதான். ஆனா ஒண்ணும் ருசிக்கல" என்றாள். அதைவிடக் கொடுமை ஒன்றும் சொன்னாள். காரியம் முடிந்த அன்று ராத்திரி வீடு அமைதியாக இருந்ததில் அவள் அடித்துப் போட்டது போல் தூங்கிவிட்டாளாம். காலையில் எழுந்ததும் முதலில் தோன்றியது, நன்றாகத் தூங்கினோம் என்பது. இரண்டாவதாகத்தான் அவர் ஞாபகம் வந்ததாம்.

கும்ரே இப்போதும் வியாழக்கிழமைகளில் வருகிறாள். கடையை மூடிவிட்டு, காலிக் கட்டிலின் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். "நீ போய்க் குளிச்சிட்டு வா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்கிறாள். பார்த்துக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்கள்? தொலைபேசியைத் தொடுவதே இல்லை. யோன்சிம் திரும்பி வந்ததும் ஒரே கேள்வி.

"அன்னைக்கு நான் விடுன்னு சொல்லாம இருந்திருந்தா நீ வந்திருப்பல்ல?"

"சாப்பிடுங்க அண்ணி."

"வந்திருப்பல்ல?"

"வந்திருப்பேன் அண்ணி."

பொய்யில்லை. போக்சூன் உள்ளே வந்து தோளைத் தட்டியிருந்தால் அவள் போயிருப்பாள். பொய்யில்லாத அந்தப் பதிலைக் கேட்கக் கேட்க, கும்ரே வாரத்துக்கு வாரம் சோற்றைக் குறைத்துக்கொண்டே வருகிறாள்.

6

யோன்சிம் கேட்டபடி ஒரு முடிவு எழுதினேன். அதில் அவளுக்குக் கேட்கவில்லை. தண்ணீர் விழும் சத்தம், பெண்களின் சிரிப்பு, யாருடைய குற்றமுமில்லை. தொட்டியில் உட்கார்ந்து அவள் மொழியில் அதைச் சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா இந்தப் பொம்பளை பொய் சொல்றான்னு எனக்கே தெரியுதே."

இன்னொரு முடிவில் அவள் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். நாத்தனாரும் அவளும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். யோன்சிம் சிரித்தேவிட்டாள்.

"எங்க அண்ணியா? கட்டிப் பிடிக்கிறதா? கருவாட்டுக் கூடையால அடிக்கும். அடிச்சிட்டு, இந்த வாசப்படிய மிதிக்கவே மிதிக்காது." சிரிப்பு நின்றது. "அது வரலைன்னா என் வீட்டுக் கதவை வேற யாரு தட்டுவா?"

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா அதுதான் தம்பியைக் கொன்னுதுன்னு நினைச்சுக்கிட்டே சாகும்." கையால் தண்ணீரை அளைந்தாள். "உங்க ஆளுங்ககிட்ட கேளுங்களேன். படிக்கிறவங்ககிட்ட. என்னைத் தெரியாது, அண்ணியைத் தெரியாது. சொல்லணுமா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்."

எழுதுகிறவளுக்கு இதைவிட வசதியான முடிவு கிடைக்காது. சரி என்றேன்.

"பதில் வர எவ்வளவு நாளாகும்?"

"அச்சாகணும். யாராவது படிக்கணும். படிச்சவங்க எழுதிப் போடணும். தெரியல."

"அண்ணிக்கு மாடி ஏறினா மூச்சு வாங்குது இப்பல்லாம்" என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்தாள். உடம்பு தேய்க்கவில்லை, பச்சைத் தண்ணீர் இல்லை, ஒன்றுமில்லை. ஈரத் தலையோடு உடையை மாட்டிக்கொண்டு கல்லாவைத் தாண்டினாள். போக்சூன் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன அக்கா, அதுக்குள்ள? வீட்லருந்து போன்கூட வரலையே!"

"தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

7

நான் பின்னால் போகவில்லை. ஆகவே வீட்டுக் கதவைத் திறந்து அவள் என்ன சொன்னாள், அல்லது வாசல்வரை போய் மனம் மாறி "சாப்பிடுங்க அண்ணி" என்றாளா என்று எனக்குத் தெரியாது. எழுதவும் மாட்டேன். உங்களிடம் கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். பதில் எழுதப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கும்ரேயைக் கெட்டவளாக்கிவிடாதீர்கள். அன்றைக்கு அவள் சொன்ன 'விடு' அன்பினால் சொன்னது.

அடுத்த வியாழக்கிழமை யோன்சிம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. போக்சூனிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. சந்தைப் பக்கம் போனால் கும்ரேயின் கடை திறந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நான் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போகிறேன். தொட்டியில் பெண்கள் நிறைந்திருக்கும் நாட்களிலும் எனக்கு எதிரே ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் காலை மடக்கி இடம் விட்டே உட்காருகிறேன்.