வெர்னாவின் வகுப்பில் வந்த கடல்

அயோவாவின் சோள வயல்களுக்கு நடுவே இருந்த அந்தச் சிறிய கல்லூரியில் வெர்னா ஹூக்ஸ்ட்ரா நிலவியல் கற்பிக்கத் தொடங்கிய முதல் வாரமே வகுப்பறைக்குள் கடல் வந்தது. இந்த மண் முழுவதும் ஒரு காலத்தில் ஆழமில்லாத கடலாக இருந்தது என்று அவள் சொல்லி முடித்ததும், கதவடியிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கணுக்கால் அளவுக்குப் பரவியது. வகுப்பு முடிந்ததும் வடிந்தது. தரையில் ஈரம்கூட மிஞ்சவில்லை.

மாணவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. பாதிப் பேர் பன்றிப் பண்ணை வீட்டுப் பிள்ளைகள். அடுத்த வகுப்புக்கு ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த ஊரில் ஒருவர் சட்டையில் தக்காளி சாஸ் வழிந்துகொண்டிருந்தாலும் யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள், வானிலையைப் பற்றித்தான் பேசுவார்கள். பூட்ஸுக்குக் காரணம் பண்ணைச் சேறு என்று வெர்னா நினைத்துக்கொண்டாள். கடல் தனக்கு மட்டும்தான் தெரிகிறது, வெளியே சொன்னால் பைத்தியம் என்று வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து அவளும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் பாடத்தில் அவளுக்கு எந்தப் பயமும் இல்லை. கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீரில் நடந்தபடியே பாறை அடுக்குகளை விளக்கினாள். அவளிடம் படித்தவர்கள் யாரும் அவற்றை மறந்ததில்லை.

சோள விலை ஏறி இறங்கியது, கல்லூரித் தலைவர்கள் வந்து போனார்கள், வெர்னாவின் தலை நரைத்தது, கடல் முழங்காலைத் தொட்டது. மேசைக் கால்களில், பூப்போல விரியும் கடல் உயிரிகளான கடல் அல்லிகள் படர்ந்தன. ஒரு தேர்வின்போது, எப்போதோ அழிந்துபோன பலகால் பூச்சி ஒன்று விடைத்தாளில் ஏறியது; எழுதிக்கொண்டிருந்த பெண் அதை மெல்ல எடுத்துத் தண்ணீரில் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

ஒரு வசந்த காலத்தில் கல்லூரி டீன் கர்ட்டிஸ் போல்ட் அவள் வீட்டுக்கு, சீஸ் போட்டு அவனில் வேகவைத்த உருளைக்கிழங்கு கேசரோலோடு வந்தார். வெர்னாவின் முதல் வகுப்பில் படித்தவர். அந்த ஊரில் கெட்ட செய்தி கேசரோலோடுதான் வரும்.

“பழைய கட்டடத்த இடிக்கப் போறோம், புரொபசர். உங்களுக்குப் புதுக் கட்டடத்துல ரூம். கம்பளம் போட்ட தரை. இல்ல, ரிடையர் ஆகணும்னாலும் உங்க இஷ்டம்.”

வெர்னாவுக்கு ஓய்வு பெறும் எண்ணமே இல்லை. பேசாமல் இருந்தால் கம்பளம் பாழாகும். பேசினால் வேலையே போகலாம். கேசரோலை மேசைமேல் வைத்தாள்.

“கம்பளம் வேண்டாம், கர்ட்டிஸ். நாறிப்போயிடும். என் கிளாஸ்ல கடல் வருது. முதல் வாரத்துல இருந்தே பாக்குறேன். டாக்டர்கிட்ட அனுப்பணும்னா அனுப்பிக்கோ.”

கர்ட்டிஸ் நாற்காலியில் சாய்ந்தார். “அப்பாடா! சொல்லிட்டீங்களா? என் முதல் ஜோடி பூட்ஸ் உங்க கிளாஸ்லதான் உப்பேறி வெடிச்சுது.”

“அப்பவே சொல்றதுக்கென்ன?”

“உங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சோம். சொன்னா சங்கடப்படுவீங்களேன்னு விட்டுட்டோம்.”

“முழங்கால் வரைக்கும் தண்ணி நிக்குது, எனக்குத் தெரியாதாடா?”

“பாடம் நல்லா இருந்துச்சு. அதை எதுக்குக் கெடுக்கணும்?”

புது அறைக்குச் சிமெண்டுத் தரை போட்டார்கள். பூட்ஸ் வைக்கக் கதவருகே ஒரு மர அடுக்கு வைத்தார்கள். முதல் நாள் வெர்னா தன் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கதவையே பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. அதே வாக்கியத்தை, இன்னும் தெளிவாக, மறுபடி சொன்னாள். புது இடம் என்பதால் சற்றுத் தயங்கியதுபோல் கதவடியில் தண்ணீர் மினுங்கியது; பிறகு விறுவிறுவென்று ஏறி முழங்காலில் நின்றது.

“இன்னைக்குக் கொஞ்சம் சில்லுன்னு இருக்குல்ல?” என்றான் முதல் வரிசைப் பையன்.

“போன வருஷம் இதைவிட மோசம்,” என்று சொல்லிவிட்டு வெர்னா பலகைப் பக்கம் திரும்பினாள்.