செய்யச் சொன்னது யார்

1

இது என் அக்காவுக்கு நடந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் சாய்ந்து, துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, “இதுல கதையெல்லாம் ஒண்ணும் இல்லடா” என்று எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். எழுதாதே என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். கதை இல்லை என்றதுதான் உறுத்தியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, மதிப்பீட்டுக் குழுவின் முன் அந்த இளம்பெண் தலைகுனிந்து நின்றபோது—

(அன்றைக்கு மழை இல்லை. அவள் தலைகுனியவும் இல்லை. இதைப் படித்த அக்கா, “நீ எங்க நின்னுக்கிட்டு இருந்த, ஜன்னலுக்கு வெளியவா?” என்று கேட்டாள்.)

ஆகவே ஜோடனை வேண்டாம், நடந்ததையே சொல்கிறேன்.

2

அக்கா ஒரு பயிற்சித் திட்டத்தின் தலைவி. முனைவர் பட்டம் வாங்கிய கையோடு வருகிற இளம் விஞ்ஞானிகளுக்குப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஆராய்ச்சியைக் கற்றுத்தருகிற இரண்டு வருடத் திட்டம். அவர்கள் ஆளுக்கொரு ஆய்வைத் தாங்களே தலைமையேற்று நடத்த வேண்டும். முதல் வருட முடிவில் குழு பார்த்துச் சரி என்றால்தான் இரண்டாம் வருடம். தலைமைப் பண்பு என்று ஒரு வகுப்பும் உண்டு. தனக்கு முன் தலைமையில் இருந்தவர் அதற்காக விட்டுப்போன படங்களையே அக்கா இன்னும் காட்டிக்கொண்டிருந்தாள். முதல் படத்தில் ஒரு மலையுச்சி, அதில் கையை விரித்து நிற்கும் ஓர் ஆள். “அவன் எப்படி இறங்கினான்னு யாரும் கேக்கறதில்ல” என்பாள்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. வெள்ளம் வருமுன் அணை போடு என்கிறோம். வெள்ளம் வராமலே போய்விட்டால், அணை கட்டியவனைக் காசைக் கரியாக்கியவன் என்கிறோம். வந்த நோயைத் தீர்த்தவருக்கு ஊரே கையெடுத்துக் கும்பிடும். வராத நோய்க்கு யார் நன்றி சொல்வது? யாருக்கு வராமல் போனது என்பதே யாருக்கும் தெரியாதே. இப்படி எதுவும் நடக்காமலிருக்கப் பாடுபட்டுப் பாடுபட்டு என் அக்கா ஓய்ந்துபோயிருந்தாள். வீட்டில் டிவி ஓடினால்கூடச் சத்தத்தைக் குறை என்று சொல்லத் தெம்பில்லாமல் பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

3

அந்த வருடம் வந்தவர்களில் ஒருத்தியைக் கூடப் படித்தவர்கள் ‘பென்சில்’ என்று கூப்பிட்டார்கள்.*

* ஒல்லி. அவ்வளவுதான் காரணம். கூர்மையான புத்தி, எழுதி எழுதித் தேய்ந்தாள் என்றெல்லாம் நான் நீட்டிப் பார்த்தேன். அக்கா கோடு போட்டு அடித்துவிட்டாள்.

பென்சில் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலையை விட்டுவிட்டு வந்தவள். அவளுடைய ஆய்வு இரண்டு தையல் ஆலைகளில் நடந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான கிருமி இருக்கிறதா என்று பார்க்க, பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். டாக்டர் தேவையில்லை. ஒரு சின்னப் பை, உள்ளே ஒரு பஞ்சுக்குச்சி. கழிப்பறைக்குள் போய் எடுத்து, மூடித் திருப்பித் தந்தால் போதும். ஓர் ஆலையில் கூட வேலை செய்யும் பெண்ணே உட்கார்ந்து விளக்கிச் சொல்வாள். இன்னோர் ஆலையில் அச்சடித்த தாள் மட்டும். எங்கே அதிகப் பைகள் திரும்பி வருகின்றன என்பதுதான் கேள்வி.

இரண்டு இடத்திலும் வரவில்லை. எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். திருப்பித் தந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள்.

பென்சில் ஆலைக்குப் போய் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு கழிப்பறைக்குப் போனாள். ஒரு கதவிலும் தாழ்ப்பாள் இல்லை. பெண்கள் உள்ளே நீண்ட நேரம் இருந்துவிடக் கூடாது என்று நிர்வாகம் கழற்றி வைத்திருந்தது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு எந்தப் பெண் மாதிரி எடுப்பாள்? அடுத்த ஆலையிலும் அதே கதை.

முறைப்படி அவள் ஆய்வை நிறுத்தி, குழுவுக்குத் தெரிவித்து, அனுமதி வாங்கி, முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். அவள் காத்திருக்கவில்லை. இரண்டு மேலாளர்களையும் பார்த்துப் பேசி, கெஞ்சி, கடைசியில் கொஞ்சம் மிரட்டியும், ஓர் ஆலையில் உடனேயும் இன்னோர் ஆலையில் சில வாரம் கழித்தும் எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் போடவைத்தாள். பைகள் மளமளவென்று திரும்பி வந்தன. தோழியின் பேச்சால் வந்ததா, தாளால் வந்ததா, தாழ்ப்பாளால் வந்ததா என்று இனி எந்தக் கொம்பனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெண்களுக்கு நல்லது நடந்தது, ஆய்வு நாசமாய்ப் போனது.

4

குழுவில் மூன்று பேர். தலைவர் ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை நிபுணர். கெட்டவர் இல்லை. (அவரை வில்லனாக்கிய ஒரு பக்கம் என்னிடம் இருக்கிறது. நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அவர் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள்.) பாதி வழியில் ஆய்வை மாற்றலாமா, இதைப் பார்த்து நாளைக்கு எல்லாரும் அவரவர் இஷ்டத்துக்கு மாற்ற ஆரம்பித்தால் எந்த முடிவை நம்புவது என்று கேட்டார். பென்சில் மறுக்கவில்லை. ஆய்வு கெட்டுவிட்டது, கெடுத்தது நான்தான் என்றாள்.

“யார்கிட்டயாவது கேட்டீங்களா?” என்றார் தலைவர்.

“நானே முடிவு பண்ணேன் சார்.”

அக்கா ஓரத்து நாற்காலியில் இருந்தாள். அது வரைக்கும் அவளுக்கு இதில் பெரிய ஈடுபாடு இல்லை. பெண் நல்லவள், தப்புச் செய்துவிட்டாள், போகப்போகிறாள், ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுக்கலாம் என்கிற அளவில்தான் மனசு ஓடிக்கொண்டிருந்தது. ‘நானே’ என்று அவள் சொன்ன விதத்தில் ஏதோ இடறியது. அப்புறம்தான் நினைவு வந்தது.

ஒரு கூட்டம் முடிந்து இன்னொரு கூட்டத்துக்குப் போகிற மாடிப்படி. கையில் கோப்புகள், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். அந்தப் பக்கம் பென்சில் என்னவோ கதவு, ஆலை, மேலாளர் என்று படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள். பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியும் மனசில் நிற்கவில்லை. “உனக்குச் சரின்னு பட்டதைச் செய்ம்மா” என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்திருந்தாள்.

அந்த அழைப்பைப் பென்சில் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

அக்கா எழுந்திருக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

“இவ என்கிட்ட கேட்டா. செய்யச் சொன்னது நான்தான்” என்றாள்.

5

(இந்த இடத்தில் அறை உறைந்தது என்று எழுதினேன். அக்கா, “ஏசி வேலை செய்யல” என்றாள்.)

பென்சிலுக்கு இரண்டாம் வருடம் கிடைத்தது. அதே ஆய்வை வேறு ஆலைகளில் முறைப்படி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தாழ்ப்பாள் இருக்கிற ஆலைகளாகப் பார்த்து. அக்காவைப் பற்றித் தனியாகப் பேசினார்கள். அடுத்து சேரும் அணியிலிருந்து திட்டத்துக்கு வேறொருவர் தலைமை ஏற்பார், அக்கா ஆலோசகராக இருப்பார் என்று முடிவாயிற்று. யாரும் கடிந்து பேசவில்லை. தலைவர் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

“வருத்தமா இருந்துச்சா?” என்று நான் கேட்டேன்.

“அதான்டா அசிங்கம். அப்பாடான்னு இருந்துச்சு.”

அங்கேதான் என் கதை மாட்டிக்கொண்டது. தன் கீழ் வேலை செய்கிறவளுக்காகப் பழியை ஏற்றவள் என்று எழுதினால் ஒரு அக்கா வருகிறாள். இறக்கிவைக்க ஒரு சாக்குக் கிடைத்ததும் சுமையைப் போட்டவள் என்று எழுதினால் இன்னொரு அக்கா. இரண்டு பேரும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு சுலபமான வழியும் இருந்தது. திரும்பி வந்த பைகளில் ஒன்றில் கிருமி தெரிந்து, ஒரு தையல்காரப் பெண் பிழைத்து, குழந்தையோடு வந்து நன்றி சொல்வது. அவளை எழுத மாட்டேன். அப்படிச் சிலர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் யாரும் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை.

6

கூட்டம் முடிந்து இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நல்ல வெயில். நிழற்குடைக்குக் கீழே ஏற்கெனவே ஒரு குடும்பம் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்ததால் இவர்கள் வெளியே நின்றார்கள். பென்சில் நன்றி சொல்லவில்லை. பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“மேடம், அன்னைக்குப் போன்ல நான் சொன்னதைக் கேட்டுத்தான் செய்யச் சொன்னீங்களா? இல்ல, போனை வைக்கணும்னு சொன்னீங்களா?”

அக்கா என்ன பதில் சொன்னாள் என்று என்னிடம் சொல்லவில்லை. துருவித் துருவிக் கேட்டேன். “பஸ் வந்துடுச்சு” என்றாள்.

நானாகச் சில பதில்களை எழுதிப் பார்த்தேன். ‘கேட்டுத்தான் சொன்னேன்’ என்பது ஒன்று. பொய்தான், ஆனால் அந்தப் பெண் நிம்மதியாகத் தூங்குவாள். ‘பாதி காதுலயே விழலம்மா’ என்பது இன்னொன்று. உண்மை. ஆனால் ஒரு வருடமாக யாரை நம்பி—

வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள். பேருந்து வந்து நிற்கிறது, அந்தக் குடும்பம் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் நேரம் இருக்கிறது. களைப்பில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதீர்கள். எதிரே நிற்பவள், நீங்கள் சொன்னால் அதை அப்படியே செய்துவிடுகிறவள்.