பல் முளைத்த நத்தை

கடுகைவிடச் சிறிய கடல் நத்தைகளின் ஓடுகளை இனம் பிரித்து வைப்பதுதான் அக்காவுக்கு அருங்காட்சியகத்தில் வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் போதும், ஊர் உலகம் மறந்துவிடும். ஓட்டின் வாய் வழியே நுழைந்து, பால் நிறச் சுற்றுகளில் ஏறி ஏறி, உச்சியிலுள்ள முதல் சுற்றுக்குப் போய்விடுவாள். நத்தை குஞ்சாக இருந்தபோதே கட்டிக்கொண்ட சுற்று அது. அங்கே எங்கோ தண்ணீர் அசைவது கேட்பதுபோல் இருக்கும்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் புது இனம் ஒன்றை அவள் அறிவித்திருந்தாள். ஓட்டின் வாய் விளிம்பில் மெல்லிய உதடு, பல்லே இல்லாத வாய். ஆறு வயதில் முன்பல் விழுந்து சிரித்த தங்கையின் முகம் நினைவுக்கு வர, வீட்டில் அவளைக் கூப்பிடும் ‘சிட்டு’ என்ற பெயரையே நத்தைக்கும் வைத்தாள்.

அன்று காலையிலிருந்தே மழை. புதிதாக வந்த கடல் மணலில் பொறுக்கிய ஐந்து ஓடுகளை ஈரத் தூரிகையின் நுனியால் வரிசையாக வைத்தாள். முதலாவது சிட்டு. ஐந்தாவது, வெகு காலமாக எல்லோரும் அறிந்த தடித்த உதட்டு நத்தை. அதன் வாய்க்குள் ஓட்டிலேயே புடைத்த ஒற்றைப் பல். நடுவிலிருந்த மூன்றில் உதடு கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து வந்தது. பல்லும் அரைகுறையாக முளைத்திருந்தது. உச்சிச் சுற்று மட்டும் ஐந்துக்கும் அச்சு அசலாக ஒன்றே.

ஒன்றிலிருந்து ஐந்துவரை மறுபடி பார்த்தாள். சிட்டு தனி இனமே இல்லை, அந்தப் பழைய நத்தையின் இளசு. ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் வந்தால் முந்தி வைத்ததுதான் நிற்கும்.

பேருந்து ஓட்டும் தங்கை மதிய இடைவேளையில் சீருடையோடு வந்தாள்.

“என்னக்கா, மூஞ்சி இப்படி இருக்கு?”

“உன் நத்தைடி... அது தனி இனம் இல்ல. நான்தான் அவசரப்பட்டுட்டேன். உன் பேரை எடுக்கணும்.”

“பேசாம விட்டா யாருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

தங்கை நுண்ணோக்கியில் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டே இருந்தது. பிறகு அவள் தோள் குலுங்கியது.

“பல்லு முளைச்சதும் என் பேரு போயிடுச்சா!”

அக்காவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது.

“எழுதிடுக்கா. பன்னெண்டு வருஷமா டிப்போ முழுக்க பீத்திக்கிட்டேன். அது போதும்.”

அக்கா தடித்த உதட்டு நத்தையின் பெயரைப் புதுச் சீட்டில் எழுதி, சிட்டு ஓடுகள் இருந்த பெட்டிக்குள் வைத்தாள். பழைய சீட்டைக் கிழித்துப் போடும் வழக்கம் அங்கே இல்லை. அதையும் புதியதன் அடியில் வைத்து மூடினாள்.

“வண்டி எடுக்க நேரமாகலையா?”

“ஆச்சு. இரு, அந்த மூணாவதை இன்னொரு தடவை பாத்துட்டுப் போறேன்,” என்றாள் தங்கை, கண்ணை எடுக்காமலே.