சுவர் பார்க்கும் தலைவர்

குடியிருப்போர் சங்கத் தலைவர் படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று சுவரைப் பார்ப்பார். விரலால் தட்டுவார், பெயிண்டைச் சுரண்டுவார், "ம்" என்பார். இப்படி விரிசல் தேடும் தலைவர் வேறு எந்தக் கட்டடத்துக்கும் வாய்க்கவில்லை என்று எதிர்வீட்டு வக்கீல் மெச்சுவார். தலைவர் தேடுவது விரிசலை அல்ல, மூச்சை என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். காய்கறிப் பையோடு பின்னால் நிற்பவள் அவள்தானே.

மூன்றாம் மாடி வரை குடியிருப்பவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டதும் அவர்தான். மின்சாரமும் மிச்சம், உடம்புக்கும் நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒட்டினார். அவர் வீடு மூன்றாம் மாடி. நுணலும் தன் வாயால் கெடும்.

இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் அவர் மதிப்பதில்லை. டாக்டரைப் பார்க்கப் போகும் வாரத்தில், பரீட்சைக்குப் படிக்கிற பையனைப் போல ஒழுங்காக விழுங்குவார். தேறிவிடுவார். மறுநாளே மாத்திரை அட்டை அலமாரிக்குப் பின்னால் போய்விடும். சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் தேய்ந்ததுதான் மிச்சம். இந்த ஆள் ஒருநாள் படியிலேயே சாய்ந்துவிடுவார் என்ற பயம் மட்டும் தேயவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளக் கூடத்தில் சங்கத்தின் இலவச இதய முகாம். பேனரில் இதயம் எலுமிச்சம்பழம் அளவு, தலைவர் முகம் பூசணிக்காய் அளவு. விடிந்ததிலிருந்து நாற்காலி போட்டு இடுப்பு ஒடிந்துபோயிருந்தாள் மனைவி.

முதல் ஆளாகத் தலைவர் கை நீட்டினார். முந்தாநாள்தான் டாக்டரிடம் தேறி வந்திருந்தார்; இரத்த அழுத்தம் நூற்று இருபத்தாறுக்கு எண்பது. மைக்கில் அறிவித்தார். கைதட்டினார்கள். அதே மிதப்பில், ரத்தக் குழாய்களைப் பார்ப்பதற்கென்று பக்கத்து மேஜையில் வைத்திருந்த, கண்ணைப் படமெடுக்கும் இயந்திரத்தின் முன்னாலும் போய் உட்கார்ந்தார்.

கண் டாக்டர் சின்னப் பெண். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷமா ப்ரஷர் சார்?"

"எனக்கா? இப்பத்தானே மைக்ல சொன்னேன்."

"கையில பாத்தது இன்னைக்கு நிலவரம். இது பல வருஷத்துக் கதை. இந்தச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் பாருங்க, இளைச்சுக் கம்பி மாதிரி ஆயிருக்கு. இது மேல ஏறிப் போற இடத்துல அடியில இருக்கற குழாய் நசுங்கியிருக்கு. கண்ணுல இப்படின்னா இதயத்துல இருக்கற சின்னக் குழாயும் இப்படி இருக்கலாம். படியேறினா மூச்சு வாங்குதா?"

"நான் நிதானமா சுவரெல்லாம் பாத்துக்கிட்டு ஏறுற ஆளும்மா. பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்ல?"

வரிசையில் நின்ற வக்கீல் பெருமையோடு தலையாட்டினார்.

"சுவர்ல ஒண்ணும் இல்ல டாக்டர்," என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை, உயர்த்தத் தெம்பும் இல்லை. "மூச்சுதான் வாங்குது. நெஞ்சைப் பிடிக்குதுன்னும் ஒருநாள் உக்காந்துட்டார். கேட்டா வாயுத் தொல்லைன்னார். மாத்திரையும் டாக்டரைப் பாக்கற வாரம்தான்."

தலைவர் பேனரைப் பார்த்தார். அங்கே அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கே இதய டாக்டரைப் பாத்துடுங்க," என்று எழுதிக்கொடுத்தாள் டாக்டர். "நடுவுல நெஞ்சு வலிச்சா நாளை வரைக்கும் காத்திருக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்."

முகாம் முடிந்ததும் இருவரும் படிக்கட்டருகே வந்தார்கள். தலைவர் முதல் படியைப் பார்த்தார். பிறகு லிஃப்ட் பக்கம் திரும்பினார். பின்னாலேயே வக்கீல்.

"என்ன தலைவரே, லிஃப்ட்லயா?"

"ஏதோ சத்தம் வருதுன்னு புகார். நேர்ல பாத்துடலாம்னு."

மனைவி பொத்தானை அழுத்தினாள். வக்கீல் சட்டப்படி படியேறப் போனார்; இருவரும் உள்ளே போனதும் கதவு மூடியது. பழக்கதோஷத்தில் தலைவர் லிஃப்டின் தகரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு நீயும் வா," என்றார் தகரத்தைப் பார்த்தபடி.

"வராம எங்க போறேன்."

"அந்த நோட்டீஸைக் கிழிச்சா என்ன நெனப்பாங்க. 'நோயாளிகள் நீங்கலாக'ன்னு ஒரு வரி சேத்துடலாமா?"

தன்னை வைத்து அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல்முறை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் தெம்பில்லை. லிஃப்டின் மூலையில் சாய்ந்துகொண்டாள்.

"சேத்துக்கலாம். மொதல்ல அலமாரிய நகர்த்தணும். மாத்திரை அதுக்குப் பின்னாலதான் கெடக்கு."