கடலைக் காட்டாத விளம்பரம்

1
இந்தக் கதை ஒரு டின் மீன் விளம்பரத்தில இருந்து வந்தது. சண்டை முடிஞ்ச வருசம்தான் செட்டிபாளையத்தில எங்கட வீட்டுக்கு டிவி வந்தது.

"வாவியின் மேலே நிலவு—" எண்டு தொடங்கினன். அழிச்சிட்டன். நான் பாத்துக்கொண்டிருந்தது டிவியை.

2
சுனாமியில எங்கட மகள் கேதீஸ்வரியைக் கடல் கொண்டுபோனது. உடம்பு கிடைக்கல்ல. "மீன் என்னத்தத் திண்டிச்சோ, ஆருக்குத் தெரியும்" எண்டாள் என்ட மனிசி கண்ணகை. அதோட சரி. நான் வாவியில பிடிக்கிற மீனும் எங்கட அடுப்பில ஏறல்ல. பருப்பும் சோறும் திண்டு ஆள் ஈர்க்கில் மாதிரிப் போனாள்.

(இந்த இடத்தில ஆரும் அழுகை எழுதுவினம். நான் எழுதமாட்டன்.)

அப்பிடிப்பட்டவள் அந்த விளம்பரத்தைப் பாத்திட்டு, "இதில ஒண்டு வாங்குவமா?" எண்டு கேட்டாள்.

3
எனக்குக் கோபம். என்ன மருந்து போட்டிருக்கானுகள் எண்டு குந்தியிருந்து பாத்தன். வெங்காயம் பொரியிற சத்தம் முதல்ல வருது. பசியைக் காதால ஏத்திறானுகள். தாய் சிரிக்கிறது புள்ளைகளைப் பாத்து, மீனுக்கும் அந்தச் சிரிப்புக்கும் சம்பந்தமே இல்ல. ஒரு கதிரையும் வெறுமையா இல்ல. மீனுக்குத் தலை இல்ல, கண் இல்ல. கடலை ஒருக்காலும் காட்டல்ல. மீன் தகரத்துக்குள்ள முளைக்குதாம்.

கெட்டிக்காரக் கள்ளனுகள். [எனக்கும் வாய் ஊறினது.]

4
ஆரோ பிடிச்ச மீனை அவள் தின்ன, நான் பிடிச்சது படலைக்கு வெளியில நிக்கிறதா? டின் ஒண்டு வாங்கி, உள்ள இருந்ததைப் பூனைக்குப் போட்டன். வாவியில பிடிச்ச திரளி மீனைத் தலை வால் இல்லாமத் துண்டாக்கி, புளி கரைச்சு விட்டு நானே ஆணம் காய்ச்சினன். வெறுந் தகரத்தை அவள்ட கண்ணில படுற மாதிரி வைச்சன். அதுவும் விளம்பரம்தானே.

ஒரு வாய் வைச்சாள். நாக்கு நுனியில இருந்து ஒரு முள்ளை எடுத்தாள்.

"இஞ்சேருங்க, டின் மீன் முள்ளு மாவாப் போகும். இது குத்துது."

"அது... புதுக் கொம்பனி."

"புதுக் கொம்பனிக்குத் திரளி பிடிச்சுக் குடுத்தது ஆரு?"

நான் சட்டியைப் பாத்தன்.

"பொய் சொல்லவும் தெரியாத மனிசன்."

5
முதல் முடிவு: அவள் சோத்துக் கோப்பையைத் தள்ளிவிட்டு—
அழிச்சிட்டன்.
ரெண்டாவது: சட்டியை வழிச்சுத் திண்டு, சிரிச்சு—
அது டிவியில நடக்கும்.

நடந்தது இதுதான். அடுத்த துண்டைச் சோத்தோட பிசைஞ்சாள். கையைத் தூக்கல்ல.

"முகத்துவாரம் வெட்டிக் கிடக்கா, மூடிக் கிடக்கா?"

(வாவி கடலைத் தொடுற வாய் அது. மண் மூடிக் கிடந்தா வாவி மீன் வாவி மீன்தான். வெட்டிவிட்டாக் கடல் மீனும் உள்ள வரும். போன கிழமை வெள்ளத்துக்கு வெட்டிவிட்டது ஊருக்கே தெரியும். வீட்டை விட்டு இறங்காத இவளுக்குத் தெரியாது.)

நான் சொன்ன பதிலை இதில எழுதமாட்டன். நீங்க எனக்குப் பக்கத்தில வந்து குந்துங்க. அவள் உங்கட முகத்தைத்தான் பாக்கிறாள். சொல்லுங்க, சோறு ஆறுது.