தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டுத் தாய்

அம்மாவின் மணிக்கட்டிலிருந்த மருத்துவமனைப் பட்டையை அவள் கத்தரித்துக்கொண்டிருந்தபோது போதகரின் மேலாளர் மலர்வளையத்தோடு உள்ளே வந்தார். வளையத்தின் நடுவில் போதகரின் படம். செத்தது யாரென்று புதிதாக வருகிறவர் குழம்பிப்போவார்.

போதகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில்தான் ஆறு வருடமாக அவளுக்கு வேலை. கேமராவுக்கு முன்னால் ஓடும் திரையில் அவர் படிக்க வேண்டிய வரிகளைத் தட்டச்சு செய்து கொடுப்பாள். "ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார்" என்று அவர் கண்ணை மூடுவதும் அந்த வரிகளில் ஒன்று. வெளியே மூச்சு விடக்கூடாதென்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவள் வீட்டிலும் சொன்னதில்லை.

மேலாளர் அப்பாவின் தோளில் கை வைத்தார்.

"போதகர் சொன்னா சொன்னதுதாங்க. அம்மாவுக்கு சுகம் வந்துடுச்சு. வீட்ல யாரோ சந்தேகப்பட்டிருக்கீங்க. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல."

அவர் கார் கிளம்பும்வரை அப்பா நின்றுகொண்டே இருந்தார். பிறகு சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"அது நான்தாம்மா," என்றார். "டிவில அவர் கூப்பிட்டதும் உங்கம்மா டயாலிசிஸ் வேணாம்னுட்டா. வளையலை வித்துக் காணிக்கை அனுப்பினா. நான்தான் சும்மா இருக்காம, ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடலாம்னு நச்சரிச்சேன். என் வாய்தான் அவளைக் கொன்னுடுச்சு."

முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஒரு பூனையைக்கூட அடிக்காத மனிதர்.

"என்கிட்ட ஏம்பா போன்ல சொல்லல?"

"நீ அவங்ககூட வெளியூர் கூட்டத்துல இருந்த. அப்பனுக்கு விசுவாசம் இல்லன்னு நீயும் நினைச்சுட்டா?"

அவள் வெளியூரில் இருந்த அந்தப் பத்து நாளில்தான் எல்லாம் முடிந்திருந்தது. "அவர் யார் யாரையோ கூப்பிடுறார், நம்மள ஒரு நாளும் கூப்பிடலையே" என்று அம்மா அலுத்துக்கொண்டதற்காக அவள் ஒரு வரி சேர்த்திருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டுத் தாயே, உன் கண்ணீரை ஆண்டவர் பார்த்தார். அவ்வளவுதான். மேலாளர் எட்டிப் பார்த்து, "கண்ணீருக்கு எவன் காணிக்கை அனுப்புவான்? சுகம்னு போடு," என்றார். போட்டாள். எந்த உறுப்பு என்று கேட்டார். அதையும் போட்டாள். அம்மா கேட்டுச் சிரிப்பாள், செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் மருத்துவமனைக்குப் போவாள் என்று நினைத்தாள்.

இப்போது வாயைத் திறக்காமல் இருந்தால் வேலை இருக்கும். அப்பா இருக்கிற நாள்வரை மகளாகவும் இருக்கலாம். அவரோ தன் வாயில் தானே அடித்துக்கொண்டிருந்தார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, அதை எழுதினது நான்."

"எதை?"

"எதிர்வீட்டுத் தாயேன்னு அவர் சொன்னாரே. நான் டைப் பண்ணிக் கொடுத்தேன். அவர் பார்த்துப் படிச்சார்."

அப்பா அவளையே பார்த்தார்.

"அப்போ அவருக்கு உங்கம்மாவைத் தெரியாதா?"

"தெரியாதுப்பா."

"ஆண்டவர் எதுவும் காட்டலையா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அடக்க முடியாமல் சத்தமாக அழுதாள். "அம்மா சந்தோஷப்படட்டும்னுதாம்பா..."

அப்பா கையை விடுவித்துக்கொண்டார். தரையில் ஊன்றி எழுந்து அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்.

"மெல்லப் பேசு," என்றார். "அவளுக்குக் கேட்டுடப் போகுது."

உள்ளங்கையால் அம்மாவின் காதை மூடிக்கொண்டார்.